குன்னத்தூருக்குப் போன பெட்டி

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் மேனேஜர் உத்தியோகம். பல்லி நான்தான்.

பதினாறு வருடமாகப் பெட்டி போடுகிறேன். நான் கையெழுத்துப் போட்ட பெட்டியில் ஒரு பீஸ் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. (இதைப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொன்னேன். என் மனைவி அன்று சிரித்தது மரியாதைக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.)

கொரோனா வந்த வருடம் தையில்தான் என் தங்கையைக் குன்னத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். தீபாவளி வந்தால் அது தலை தீபாவளி. மடத்துக்குளத்தில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டுக்கு மாப்பிள்ளையை வரவழைத்து, எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்து, விருந்து போட்டாக வேண்டும். ஆனால் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெளியாட்கள் ஒருவரும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். திருப்பூரில் இருக்கும் நானும் அந்தக் கணக்கில் வெளியாள்தான்.

அவரவர் வீட்டில் கொண்டாடிவிட்டு, காலை ஏழு மணிக்கு எல்லோரும் வீடியோ காலில் வருவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு ஒரே கவலைதான்.

"மாப்பளைக்கு ஒரு கொறையும் வரப்படாது கண்ணு. சம்பந்தியம்மா வாய்ல நாம விழப்படாது."

"துணிய எங்கிட்ட உடுங்கம்மா" என்றேன். அங்கே பிடித்தது சனி.

எக்ஸ்போர்ட்டில் மீந்த மாம்பழ மஞ்சள் துணியில் குடும்பத்துக்கே ஒரே மாதிரி டி-ஷர்ட் தைக்கச் சொன்னேன். மொத்தம் ஒன்பது. அப்பா, மாப்பிள்ளை, நான் மூவருக்கும் டபுள் எக்ஸ்எல். அம்மா, தங்கை, என் மனைவிக்கு மீடியம். (அம்மா சேலைக்கு மேலேயே போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். கொரோனா இன்னும் எதையெல்லாம் செய்ய வைத்தது!) என் இரட்டைப் பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து அம்மாவிடமே இருந்த அக்கா மகனுக்கும் நாலு வயசு சைஸ்.

எங்கள் தொழிலில் பல சைஸ்களைக் கலந்து ஒரே பெட்டியில் போட்டால் அசார்ட்டட். ஒரு பெட்டிக்கு ஒரே சைஸ் என்றால் சாலிட். அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் சாலிட் பேக்கிங் ஓடியது. ஆட்களிடம் கொடுத்தால் தப்பு வரும் என்று நானே உட்கார்ந்து, என் கையாலேயே பெட்டி போட்டேன். மூன்று, மூன்று, மூன்று. எண்ணினேன், டேப் ஒட்டினேன், கையெழுத்தும் போட்டேன். குன்னத்தூருக்கு ஒன்று, மடத்துக்குளத்துக்கு ஒன்று கூரியரில் போயின. மூன்றாவதை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாமே என்றாள் மனைவி. மஞ்சள் வைத்துத் தீபாவளியன்று பிரித்தால் போதும், பேக்கிங் மேனேஜர் வீட்டிலேயே செக்கிங்கா என்று கேட்டேன். அம்மாவும் அங்கே பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் போன் போட்டு, துணி வந்ததா என்று விசாரித்தேன்.

"வந்துருச்சுங்க மச்சான். ரொம்ப நல்லாருக்குதுங்க."

அளவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்க அவசரம்? பொறவு பாத்துக்கலாமுங்க."

என்ன பவ்யமான மனிதர் என்று பூரித்துப் போனேன். தங்கை மட்டும் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. புதுப்பெண், வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். மூன்றும் லேடீஸ் மீடியம். இடுப்பு வளைத்துத் தைத்தது, கழுத்து ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங் கரை. மனைவி போட்டுக்கொண்டு, "எனக்குச் சரியாத்தானுங்க இருக்குது" என்றாள். நானும் மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்றை மாட்டினேன். தொப்புளோடு நின்றுவிட்டது. மூன்றாவதில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகவே நுழைந்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கைப்பழக்கத்தில் சாலிட் போட்டிருக்கிறேன். மீடியம் இங்கே என்றால், டபுள் எக்ஸ்எல்லும் நாலு வயசும் எங்கே? போனை எடுத்து நிறுத்தச் சொல்வதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது.

மடத்துக்குளத்தில் அம்மா ஒரு மஞ்சள் கூடாரத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். அக்கா மகனைக் காணோம், சட்டை மட்டும் நடந்தது. அப்பாவுக்கு மட்டும் கச்சிதம். குன்னத்தூரில் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்த பழைய சட்டையில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு போல ஒரு குட்டி மஞ்சள் சட்டை. மற்ற இரண்டும் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூவோடு சாமிக்கு முன்னால் இருந்தன. தங்கை தலையே நிமிரவில்லை. சம்பந்தியம்மா போனைக் கையில் வாங்கினார்.

"சம்பந்தி, நீங்க சாடையாச் சொன்னது எங்களுக்குப் புரிஞ்சுதுங்க. பேரன் பேத்தி வேணுமின்னு எங்களுக்கும் ஆசைதானுங்க. ஆனா மூணு கொஞ்சம் சாஸ்திங்க. ரண்டோட நிறுத்திக்கலாமுங்க."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத் துணியே இல்லை. அதற்குப் பதில் மூன்று பிள்ளைக்கு ஆர்டர். பத்து நாளாக அந்த வீட்டில் இதுதான் பேச்சாக இருந்திருக்கிறது. அம்மாதான் குத்திக்காட்டுகிறார் என்று தங்கை நினைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க, அது சாலிட் பேக்குங்க..."

"நீ சும்மா இரு கண்ணு" என்றார் அம்மா. பிறகு கூடாரத்தைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார்: "ஆமாங்க சம்பந்தி. சாடையாத்தான் குடுத்துடச் சொன்னனுங்க. மாப்பளைக்கு வேற துணி எடுத்து வெச்சிருக்குதுங்க. பையன் இன்னைக்கே கொண்டாந்து குடுப்பானுங்க."

இதற்குள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் என் தொப்புளையும் வெள்ளைப் பைப்பிங்கையும் பார்த்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அம்மா பதறிப்போய் அவர் நெஞ்சைத் தடவிவிட்டார். மூன்று மாதத்தில் அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் என் மானம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த நிமிஷம் அம்மா தனியாகக் கூப்பிட்டார். "உன்ற பேக்கிங்குல தீய வெக்க" என்று தொடங்கியது, கால் மணி நேரம் நீடித்தது. பத்து மணிக்குக் கடை கடையாக அலைந்து பட்டுவேட்டி சட்டை எடுத்து, குன்னத்தூர் வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மாப்பிள்ளை அதை எடுக்கும் முன் சட்டையின் சைஸைத்தான் பார்த்தார்.

அடுத்த வருடம் தங்கைக்குப் பெண் பிறந்தது. இரண்டு வருடம் கழித்துப் பையன். பெரியவளுக்கு நாலு வயது ஆனதும் அந்த மஞ்சள் சட்டைதான் தீபாவளிக்கு. அளந்து தைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது சட்டை பையனுக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவதைச் சம்பந்தியம்மா பீரோவின் அடியில் போட்டுவிட்டார், ரண்டோடு நிறுத்திக்கொண்டாயிற்றே.

போன மாதம் தங்கை போன் செய்தாள். வாந்தி, மயக்கம், டாக்டர் என்று சுற்றி வளைத்துவிட்டு, "அண்ணா, அந்த மூணாவது சட்டைய அத்தை தொவைச்சுக் காயப் போட்டுட்டாங்க" என்றாள்.

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "இந்தத் தீவாளிக்குத் துணி வேண்டாமுன்னு மச்சான்கிட்டச் சொல்லிரு. முறுக்கு மட்டும் போதும்."