பங்குனி வீதி

ஒரு பெரிய ஊரில் வழி தெரிந்துவிட்டால் உலகத்தில் எல்லா ஊரிலும் வழி தெரியும் என்று நினைக்கிற ஒரு வியாதி உண்டு. அது எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் கல்யாணமாகி ரங்கூனிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தேன்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூன். மதுரை எனக்கு வெளிநாடு. ரங்கூனில் பள்ளிக்கூடத்துக்கு டிராமில் தனியாகப் போய்வந்தவள் நான் (வந்து இறங்கிய அன்றைக்கே இதை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும்). புகுந்த வீடு கோயில் மதிலைச் சுற்றி ஓடும் வடக்குச் சித்திரை வீதியில். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மாமியார் வாடிப்பட்டிக்காரர், அளந்துதான் பேசுவார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

வடக்கு மாசி வீதியில் ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார் என்று கணவர் வந்து சொன்னார். எனக்குத் தையல்மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. வாரத்தில் ஒரு நாளாவது வாசலைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். மாமியாரிடம் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"தனியாப் போவேங்கிறே. போ. ஒழுங்காப் போயி ஒழுங்கா வந்தா வாராவாரம் போ. வழி தெரியாம நின்னேன்னு எவளாச்சும் வந்து சொன்னா அம்புட்டுத்தான். அப்பறம் வகுப்புப் பேச்சே எடுக்கக் கூடாது."

"மொத நாளு வேணா நான் கூட வாரேன்" என்றார் கணவர்.

"நான் ரங்கூன்லயே தனியாப் போனவ."

"சரி. எறங்கி நேரா வடக்க போ. மாசி வீதி பக்கந்தான். அதாவது..."

அந்த 'அதாவது'வைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டேன்.

என் மூளை அப்போது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லவேண்டும். ரங்கூனில் நான் வளர்ந்த பக்கமெல்லாம் தெருக்களுக்கு நம்பர்தான். இருபத்தெட்டாம் தெருவுக்கு அடுத்தது இருபத்தொன்பதாம் தெரு. மதுரையில் நம்பருக்குப் பதில் மாதத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். எங்கள் வீதி சித்திரை, முதல் மாதம். மாசி பதினோராவது. ஆக, பதினோராவது தெரு. இதைப்போய்ப் பக்கம் என்கிறாரே, பாவம், கணக்கில் வீக் போலிருக்கிறது என்று கணவர்மேல் இரக்கம்கூட வந்தது.

குறுக்கே வந்த முதல் தெருவுக்கு வைகாசி என்று பெயர் வைத்தேன். அடுத்தது ஆனி. அதில் ஒரு மாடியிலிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. 'ஓகோ, இந்த ஊரில் ஆனி வீதியிலும் தைக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். பெயர்ப்பலகை இருந்ததா என்று கேட்பீர்கள். கணக்குச் சரியாக இருக்கும்போது பலகையை யார் பார்க்கிறார்கள்.

சிம்மக்கல் வருவதற்குள் புரட்டாசி ஆகிவிட்டது. ஒரு முட்டுச்சந்தைத் தெருவாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, போனால் போகட்டும் என்று ஐப்பசியாகச் சேர்த்தேன். மார்கழியில் செருப்பு வார் அறுந்தது. தை மாதம் முடிந்த இடத்தில் தெருவும் முடிந்து எதிரே வைகை ஆறு நின்றது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே திரும்பியிருப்பார்கள். நான் திரும்பவில்லை. மாசி அக்கரையில் இருக்கிறது, அவ்வளவுதானே. அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினேன். நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர். துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கரையில் ஒரு அம்மாள் வாசலில் நூல் காயவைத்துக்கொண்டிருந்தார். "இது மாசி வீதிதானே?" என்று கேட்டேன், கேட்கவே தேவையில்லை என்கிற தோரணையில்.

"இது செல்லூரு தாயி. மாசி வீதிய அப்பவே தாண்டி வந்திருப்பியே."

"அப்போ அடுத்தது பங்குனி வீதியா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கே. மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி" என்றார்.

திரும்பி ஓடி, விசாரித்து விசாரித்து மாசி வீதிக்கு வந்தபோது அந்த மாடியிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஆனி என்று பெயர் வைத்துவிட்டுப் போன அதே தெரு. அழுகை வந்தது. ஒரே ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள், அதையும் ஆற்றில் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்டார்: "வகுப்பு எப்பிடி?"

"நல்லா இருந்துச்சு அத்தை."

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாசி வீதியில ஏது ஆத்து மணலு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைகாசி, ஆனி, ஐப்பசிச் சந்து, பங்குனி வரைக்கும். மாமியாரின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறார். சிரித்து ஓய்ந்ததும், "அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே தனியா வேண்டாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு தலைநிமிர்ந்து முன்னால் நடந்தார். நான் பின்னால். மேற்கே போனோம், தெற்கே திரும்பினோம், கிழக்கே திரும்பினோம், பிறகு வடக்கே, மறுபடியும் மேற்கே. கடைசியில் எங்கள் வீட்டு வாசலையே கடந்தோம். கணவர் வாசலில் நின்றார்.

"ஏம்மா, வகுப்பு அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"கோயிலச் சுத்திட்டுப் போறோம். ஒனக்கென்ன, உள்ள போ."

இரண்டாவது தடவையும் அதே வாசலைக் கடந்தபோது அவர் உள்ளே போகவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு வீடு தள்ளிப்போய் மாமியார் நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"இந்த ஊருக்கு வந்து முப்பது வருசமாச்சு. கோயிலச் சுத்துனதத் தவிர நான் எங்கடி போயிருக்கேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வடக்க போவோம் அத்தை. மூணாவது வீதி."

"மூணாவதா, பதினொண்ணாவதா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

இருவருமே தையல் கற்றோம். அவர் என்னைவிட நன்றாகத் தைத்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது நேரத்துக்கு வரவில்லை என்றால், "பங்குனி வீதி வரைக்கும் போயிருப்பாக" என்பார்கள். அதை ஆரம்பித்துவைத்தவர் என் மாமியார்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் துணிப்பையோடு வாசலில் வந்து நின்று, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்: "நானும் எம் மருமகளும் பங்குனி வீதிக்குப் போயிட்டு வாரோம்."