தோட்டா அண்ணன் தராசில் வைத்த சந்தேகம்

சந்தேகப்படுவதில் தோட்டா அண்ணனை மிஞ்ச மட்டாஞ்சேரியில் இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, எங்கள் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நின்றார். உள்ளே வருகிறவர்களைச் சந்தேகப்பட்டார். வராமல் கடந்து போகிறவர்களை இன்னும் அதிகமாக. எல்லாவற்றையும்விட, தன் இடுப்புவாரில் இருந்த இரண்டு தோட்டாக்களைச் சந்தேகப்பட்டார்.

"கொச்சிக் காத்து தம்பி. உப்பும் ஈரமும். எதையும் நம்பக்கூடாது."

நான் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். திங்கட்கிழமைதோறும் தோட்டாக்களை என் தங்கத் தராசில் தலைகீழாக நிறுத்தி எடை பார்ப்பார். எடை கூடினால் உள்ளே ஈரம் ஏறிவிட்டதாம். சங்கிலியும் வளையலுமாக வரிசையில் நிற்பவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். அவர்களுக்கும் சேர்த்துப் பாடம் நடக்கும்.

"முதல்ல வெறும் காகிதப் பொட்டலம். மருந்தையும் குண்டையும் மிளகாய்த்தூள் மாதிரி மடிச்சுக் குடுப்பான். பல்லால கிழிச்சுக் குழல்ல கொட்டணும். மழை பேஞ்சா சண்டைக்கு லீவு! அப்புறம் பித்தளைக் கூடு. மருந்து, குண்டு, பொறி மூணும் ஒரே வீட்ல குடித்தனம். வேட்டைத் துப்பாக்கிக்கு அட்டைக் கூடு வந்துச்சு. ஈரம் பட்டா ஊதிப்போய்க் குழல்லயே மாட்டிக்கும். இப்ப பிளாஸ்டிக்."

"அப்ப பயமில்லையே அண்ணே?"

"கூட்டை நம்பலாம். மடிச்சு மூடுன வாயை எப்படி நம்புறது?"

அதனால் தோட்டாவின் வாயில் தேன்மெழுகு பூசியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் எடைபார்த்துக்கொண்டிருந்தபோதே, தோப்பும்படியில் மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் நகைகளைத் தராசுக்குப் பக்கத்தில் இருந்த என் தட்டில் கொட்டினார். தோட்டாக்களைத் தராசிலிருந்து எடுத்த அண்ணன் அதே தட்டில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, வாரில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"என் மூக்குத்தி எங்க சாரே? இப்பத்தானே வெச்சேன்!"

மேசையடியில் தேடினோம். இல்லை. மேனேஜர் சேச்சி வந்தார். தரையைப் பார்க்கவில்லை; என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"அந்தப் பாக்கெட் ஒண்ணு காட்டாமோ?"

காட்டினேன். ஒரு பேனா, ஒரு பஸ் டிக்கெட். வரிசை முழுக்க என் கால்சட்டைப் பையையே வெறித்தது. காது இரண்டும் கொதித்தன. பதினோரு வருட வேலை அந்த மூக்குத்தியோடு போய்விடும் என்று நினைத்தேன்.

தோட்டா அண்ணன் கம்பிக்கதவைச் சாத்தினார். "ஒருத்தரும் நகரக்கூடாது. எல்லார் மேலயும் சந்தேகம். முதல்ல என் மேல."

தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். குடைகளை விரித்து உதறினார். மேனேஜரின் கைப்பையைக் கவிழ்த்தார். கேஷியரின் டப்பாவைத் திறந்து கப்பைக்கிழங்கையும் மீன்கறியையும் ஸ்பூனால் கிளறினார். பிறகு, "தட்டுல இருந்ததெல்லாம் திரும்ப எடைக்கு வரட்டும்" என்று தோட்டாக்களைத் தராசில் வைத்தார். முதலாவது சரி. இரண்டாவது அரை கிராம் அதிகம். முகம் வெளிறியது.

"ஈரம்! தம்பி, ஈரம் ஏறிடுச்சு!"

மூக்குத்தி அவருக்கு மறந்தே போயிற்று. நான் தோட்டாவைத் திருப்பினேன். மெழுகில் ஒட்டிக்கொண்டு சிவப்புக் கல் மின்னியது.

அந்த அம்மா சிரித்தார், அழுதார். மேனேஜர் என் கண்ணைப் பார்க்காமல், "ஒரு சாயா குடிக்கலாம், வாங்க" என்றார். அண்ணன் மட்டும், அது ஈரம் இல்லைதானே என்று மூன்றுமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. மீன்கறியைக்கூடக் கிளறியவர், என் பக்கம் வரவேயில்லை.

"என்னை மட்டும் ஏன் அண்ணே சோதிக்கல?"

வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "மறந்துட்டேன் தம்பி."

அவர் சொன்னதில் இன்றுவரை நான் நம்பாதது அது ஒன்றைத்தான்.