மூன்று நிறம் அறிந்தவர்

கடவுச்சீட்டுகளில் பல வகை உண்டு; அவற்றைப் பற்றிப் பேசுவோரில் ஒரே வகைதான். விமானத்தை இவர்கள் தலைக்கு மேலே மட்டும் பார்த்திருப்பார்கள். ஆயினும் எந்த நாட்டு வாயிலில் எந்த நிற அட்டையுள்ள சீட்டை நீட்டினால் வணக்கம் கிடைக்கும், எதை நீட்டினால் 'ஓரமாய் நில்' என்பார்கள் என்பதை அடித்துச் சொல்வார்கள். இவ்வினத்தாரைக் கடவுச்சீட்டுப் பண்டிதர் என்போம். உங்கள் தெருவில் அப்படி எவரும் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? பொறுங்கள்.

மரக்காணத்தில் இப்பதவியை வகித்தவர் ஓய்வுபெற்ற எழுத்தர் சக்கரபாணி. தேநீர்க் கடையில் எவரேனும் வாய்தவறித் 'துபாய்' என்றால் போதும். செய்தித்தாளை மடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நீலம் பொதுமக்களுக்கு, வெள்ளை அரசுப் பணியாய்ச் செல்லும் அலுவலர்க்கு, அரக்கு தூதர்களுக்கு என விரித்துரைத்து, நீலத்திலும் படிப்புக் குறைந்தவர்க்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகத் தனி அனுமதி வேண்டும் என்னும் முத்திரை ஒன்று விழும் என்பதில் வந்து நிறுத்துவார். அதற்குள் தேநீர் ஆறியிருக்கும். துபாய் என்றவர் கூனிமேடு பேருந்தில் ஏறியிருப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கோடையில் அடுத்த வீட்டு உப்பளத் தொழிலாளி வெங்கடாசலத்துக்குக் குவைத்தில் கிடங்கு வேலை ஒன்று அமைந்தது. ஆவணி பிறக்குமுன் கடவுச்சீட்டு வராவிட்டால் வேலை வேறொருவனுக்கு. விசாரணைக்குக் காவல் ஏட்டு வந்தார். அக்கம்பக்கத்தார் இருவர், 'நல்ல மனிதர், இங்கேதான் இருக்கிறார்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவே வழக்கம். எதிர்வீட்டுக் குப்புசாமி அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார். அடுத்தவர் சக்கரபாணி.

"வெங்கடாசலத்தத் தெரியுமா சார்?"

"தெரியுமாவா? அப்ளிகேஷன் எழுதிக் குடுத்ததே நான்தாங்க! சாதாரண வகை, நீலம். வெள்ளைக்கும் நீலத்துக்கும் என்ன வித்தியாசம்னா..."

"அதெல்லாம் வேணாம் சார். ஒரு வருஷமா இந்த அட்ரஸ்லதான இருக்காரு?"

இவ்விடத்தில் நீங்களும் நானும் தலையசைத்திருப்போம். பண்டிதர் தலை அத்தனை எளிதில் அசையுமா?

"தொடர்ந்தான்னு கேக்குறீங்களா, சும்மா கேக்குறீங்களா?"

ஏட்டு நிமிர்ந்தார். "ஏன், தொடர்ந்து இல்லியா?"

"ரூல்படி பார்த்தா இல்லைங்க. உப்பு சீசன்ல அளத்துக் கொட்டாயிலதான் படுக்குறான். மழை புடிச்சாதான் வீட்டுக்கு வர்றான்."

வெங்கடாசலத்தின் மனைவி பொன்னி வாசலிலிருந்து ஓடிவந்தாள். "ஐயோ சார், அளம் கூப்புடுற தூரத்துல இருக்குது! சோறே இங்கேருந்துதான் போவுது!"

"கொஞ்சம் இரும்மா. அளம் வேற, அட்ரஸ் வேற. சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

ஏட்டு எழுதிக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. கடவுச்சீட்டு வரவில்லை. குவைத்துக்கு எக்கியார்குப்பத்து இளைஞன் ஒருவன் விமானம் ஏறினான். வெங்கடாசலம் பாத்தியில் இறங்கி மீண்டும் உப்பு வாரினான். சக்கரபாணி, கடமை தவறாதவர், வரப்போரம் ஆறுதல் சொல்லப் போனார்.

"கவலப்படாத வெங்கடாசலம். மறுபடி மனு போடலாம். அதுலயும் ரெண்டு வகை இருக்குது..."

வெங்கடாசலம் நிமிரவில்லை. சோற்றுத் தூக்குடன் நின்ற பொன்னிதான் பேசினாள்.

"எல்லா வகையும் சொன்னீங்க சார். எம் புருசன் நல்லவருன்னு ஒரு வார்த்தை அந்த ஏட்டுகிட்ட சொன்னீங்களா?"

சக்கரபாணி மெய்யாகவே திகைத்தார். "அத அவர் கேக்கவே இல்லியேம்மா!"

உண்மைதான், கேட்கவில்லை. இவ்வினத்தார் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. அதுதான் அவர்களிடமுள்ள அபாயம்.

போகட்டும். இதைப் படித்துவரும்போது, 'அந்த ஓராண்டு விதி அப்படியன்று. அதற்கு ஒரு விலக்கு உண்டு' என்று உங்கள் நாக்கு ஓரிடத்திலேனும் துடித்ததா? துடித்திருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். உங்கள் தெருவுக்கு ஏட்டு வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு திண்டிவனம் வரை போய்வாருங்கள். அதற்கு எந்த நிறமும் தேவையில்லை.