கேப்டன் மேடத்தின் போண்டா

நான் செய்தது தப்பே இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். கதை முடிவதற்குள் நீங்களும் என் மனைவி கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்.

எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது காலேஜ் இல்லை, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஒரு செல்போன் கடை. எந்த போனை நீட்டினாலும் முதலாளி அண்ணனிடம் ஒரே வைத்தியம்தான்: "மந்தமா இருக்கா? பாதியை அழிடா, மிச்சம் பறக்கும்." நாலு வருஷம் இந்த வேதத்தைக் கேட்டு வளர்ந்தவன், இருபத்தாறு வயதில், சின்ன விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்தேன். ஒரு மாதம் சோதனை, தேறினால் நிரந்தரம். (ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்க 'ஏர்போர்ட் வேலை' என்று சொல்லியாகிவிட்டது. தேறாமல் தெருவுக்குள் நுழைய முடியாது.)

தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் ஸ்டெல்லா, காட்டூர்க்காரர். அவரிடம் கையடக்கமான ஒரு கருவி இருந்தது. விமானத்தில் கண்ணெதிரே மாட்டிக்கொண்டால் வழி காட்டும். அதற்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை புதுத் தரவு ஏற்ற வேண்டும். ஆகாயத்துப் பஞ்சாங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறை மென்பொருளும் புதிதாக வந்திருந்தது.

"நாளைக்குக் காலைல ஜெரினா முதல் தடவையா தனியா வெளியூர் வரைக்கும் பறக்கப் போறா. இன்னிக்கே அப்டேட் பண்ணி வெச்சிடுங்க தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஒயரைச் சொருகினேன். பேக்கப் எடுக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். (இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' சொன்ன மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?) பிறகு இடம் போதவில்லை என்றது. பழைய வரைபடங்களை அழித்தேன், இடம் கிடைத்துவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. உள்ளே இன்னொரு பட்டியல். ஆங்கில எழுத்தில், எல்லாம் ஐந்தைந்து எழுத்து: போண்டா, தோசை, பஜ்ஜி, அப்பம், இடம் போதாமல் வால் வெட்டிய முறுக்கு. நாற்பது இருக்கும். மேடம் ஊர் ஊராகச் சாப்பிட்ட கடைகள் போல என்று நினைத்தேன். விமானக் கருவியில் பலகாரத்துக்கு என்ன வேலை? அத்தனையையும் அழித்தேன். தரவு ஏறியது, மென்பொருள் ஏறியது, ஒரு பிசகு கிடையாது. கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை விமானத்துக்குப் பக்கத்தில் நின்று மேடம் கருவியைத் திறந்தார். முகம் மாறியது.

"தம்பி, என் போண்டா எங்க?"

மேலதிகாரி இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கேன்டீனுக்கு ஓடினேன். சூடாக இரண்டு போண்டா, கெட்டிச் சட்னி. "இந்தாங்க மேடம்" என்று மூச்சிரைக்க நீட்டினேன்.

ஜெரினா திரும்பி நின்று வானத்தைப் பார்த்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"போண்டான்னா மலைங்க தம்பி! மேலேருந்து பார்த்தா போண்டா மாதிரி இருக்கிற பாறை. இந்தப் பொண்ணு அங்கதான் வடக்கே திரும்பணும். தோசைன்னா வத்திப்போன ஏரி. முறுக்குன்னா ஆறு வளையற இடம். பன்னெண்டு வருஷமா ஒண்ணொண்ணா பறந்து பறந்து குறிச்சு வெச்சது!"

"மலையை மலைன்னே எழுதியிருக்கலாமேங்க மேடம்?" (ஆமாம், கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன்.)

"இங்க எத்தனை மலைங்க இருக்கு!" என்றவர், என் கையிலிருந்த போண்டாவை வாங்கிக் கோபமாக ஒரு கடி கடித்தார். "மத்தியானம் காத்து அடிக்கும், பத்து மணிக்குள்ள இவ கிளம்பியாகணும். அதுக்குள்ள இவ வழியில இருக்கிற ஆறு இடத்தையாவது திரும்பக் குறிக்கணும். நான் ஓட்டறேன், நீங்க பட்டனை அழுத்துங்க. இல்லேன்னா நாளைலேருந்து வர வேண்டாம். ஏறுங்க."

அதுவரை நான் ஏறிய உயரம் மலைக்கோட்டை உச்சி வரைதான். அதிலும் பாதி வழியில் உட்கார்ந்து சோடா குடித்தவன்.

தோசை வந்தது, அழுத்தினேன். முறுக்கு வந்தது, அழுத்தினேன். போண்டாவும் வந்தது. அசல் போண்டா, ஒரு பக்கம் கருகியிருந்ததுகூட அப்படியே. "எனக்கு இட்லி மாதிரிதாங்க இருக்கு" என்றேன். விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

ஆறாவது இடம், திரும்பும் வழியில் முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைக் காட்டுவதற்காக மேடம் விமானத்தை ஒரு சாய் சாய்த்தார். என் ஜன்னலுக்கு நேர் கீழே மொத்தக் காவிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

"பேர் வெக்கறதுல பெரிய ஆளாச்சே, இதுக்கு நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"ஐயோ!"

மேடம் ஒரு கையால் கருவியை வாங்கி நிதானமாகத் தட்டினார். "கடைசில இன்னொரு 'ஓ' சேர்த்தா அஞ்செழுத்து கச்சிதமா வருதுங்க."

ஒன்பதே முக்காலுக்கு இறங்கினோம். ஜெரினா பறந்தாள். பதினொன்றரைக்கு ரேடியோவில் அவள் குரல்: "மேடம், ஐயோ தாண்டிட்டேன். வந்துட்டிருக்கேன்."

வேலை நிரந்தரமானது. இன்று எல்லாக் கருவிகளுக்கும் நான்தான் அப்டேட் போடுகிறேன், ஒன்றுக்கு மூன்று பேக்கப் எடுத்துக்கொண்டு. (தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.) வீட்டில் போண்டா சுட்டால் என் மனைவி, "பேக்கப் எடுத்தாச்சுங்களா? தட்டை வைக்கலாமா?" என்கிறாள். கேட்கட்டும். எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு ஆகாயத்தில் சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போயிருந்தோம். தலைக்கு மேல் ஒரு குட்டி விமானம் சாய்ந்து திரும்பியது. என் மகள் கரையோரம் குதித்துக்கொண்டு, "அப்பா, ஐயோ! ஐயோ!" என்று கத்தினாள். யாரோ ஆற்றில் விழுந்துவிட்டதாக நினைத்து நாலு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். "அது இந்த இடத்தோட பேருங்க. நான் வெச்சது."