பெயர்ப் புத்தகத்தில் ஒரு மீன்கடை

இனி இந்த வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்று ஒரு புதன்கிழமை காலையில் ஷுன்தே முடிவு செய்தார். ஐஸ் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவரின் கால் கட்டைவிரலில், கல்லாக உறைந்த பால்மீன் ஒன்று விழுந்ததுதான் காரணம். உள்ளே அதன் சொந்தபந்தம் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். கணவாய் தனிக் கணக்கு.

மனைவி பெய்யூ மீன் வாங்குவது கைபேசியில். தைவானின் கீலுங் துறைமுகத்து மீன்காரி ஒருத்தி தினமும் மாலை ஆறு மணிக்கு, கத்தியும் கையுமாக நேரலையில் நின்று ஏலம் விடுவாள். "எனக்கு! அது எனக்கு!" என்று பெய்யூ சமையலறையிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பாள். "போதும்மா" என்று சொல்லும் தைரியம் இருபத்தாறு வருஷமாக ஷுன்தேவுக்கு வரவில்லை. தைரியம்தான் இல்லை. சர்வர் இருந்தது.

செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு டிவியோ கைபேசியோ எந்த வலைத்தளத்தின் பெயரைக் கேட்டாலும், அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது அதுதான். விளம்பரத் தளங்களைக் கேட்டால் மட்டும் 'அப்படி ஒரு பெயரே கிடையாது' என்று கையை விரித்துவிடும். அந்தத் தடைப் பட்டியலின் கடைசியில் மீன்கடையின் பெயரையும் ஷுன்தே ஒரு வரி சேர்த்தார்.

மாலை ஆறு மணி.

"என்னங்க, மீன்கடை திறக்கமாட்டேங்குது."

"அப்படியா?" ஷுன்தே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் எதையெதையோ தட்டினார். "ம்ம். டி.என்.எஸ். கோளாறு."

"அப்படின்னா?"

அவர் அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் அவரிடம் யாரும் 'அப்படின்னா?' என்று கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒவ்வொரு கடைக்கும் ஒரு எண் இருக்கு. பேரைச் சொன்னா எண்ணைக் காட்டற புத்தகம்தான் இந்தப் பெட்டி. புத்தகம் இல்லைன்னு சொல்லிட்டா, கடை இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"ஐயோ பாவம். புத்தகத்துல யாராவது கைவச்சிருப்பாங்களோ?"

"சேச்சே! கடவுச்சொல் எனக்கு மட்டும்தானே தெரியும்? இங்க பாரு." ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்துக் காட்டினார். பட்டியலில் எங்கே எழுதுவது, எப்படி அழிப்பது எல்லாவற்றையும் விளக்கினார். மீன்கடை வரியை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"வலைன்னு பேரு வச்சுட்டு ஒரு மீன்கூட மாட்டலைன்னா எப்படிங்க?" என்றபடி பெய்யூ எழுந்து போனாள். சண்டை இல்லை. வருத்தம்கூட இல்லை. இவ்வளவு சுலபமா என்று ஷுன்தேவுக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை பேஸ்பால் இறுதி ஆட்டம். ஷுன்தேவின் அணி ஒன்பது வருஷம் கழித்து இறுதிக்கு வந்திருந்தது. அணிச் சட்டை, தொப்பி, வறுத்த கடலை சகிதம் ஐந்து மணிக்கே டிவி முன் உட்கார்ந்தார். விளையாட்டுத் தளம் திறக்கவில்லை.

மற்ற தளங்கள் எல்லாம் திறந்தன. டிவியை அணைத்துப் போட்டார். சர்வரை அணைத்துப் போட்டார். கம்பியை மாற்றினார். சேமிப்பில் தங்கிய பழைய விவரங்களைத் துடைத்தெறிந்தார். பெயரைக் கேட்டார்; 'அப்படி ஒரு பெயரே கிடையாது.' கைபேசியில் பார்க்கலாமென்றால், வீட்டில் இத்தனை பெரிய ஏற்பாடு இருக்கும்போது வெளி இணையம் எதற்கு என்று போன வருஷமே அதை நிறுத்தியவர் அவர்.

மாடி வீட்டில் கூரை அதிர ஒரு சத்தம் எழுந்தது. யாரோ ஹோம் ரன் அடித்துவிட்டார்கள். எந்த அணி?

"என்னங்க, அதுவும் அந்தக் கோளாறுதானா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இது வேற! உனக்குப் புரியாது. எங்க சர்வர் குழுவுல கேக்கறேன்."

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள், தைவான் முழுக்க நானூறு பேர் உள்ள இணையக் குழு. விவரத்தை எழுதிப் போட்டார். இரண்டே நிமிஷத்தில் 'அமைதிக்கடல்' என்று ஒரு புதிய உறுப்பினர் பதில் போட்டார்.

"புத்தகம் இல்லைன்னு சொல்லிட்டா, கடை இருந்தும் இல்லாத மாதிரிதான். பட்டியலைப் பாத்தீங்களா?"

ஆஹா, விஷயம் தெரிந்த ஆள், என்று ஷுன்தே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல நான் மட்டும்தான் எழுதுவேன்."

"சமீபத்துல என்ன எழுதினீங்க? மறைக்காம சொன்னாத்தான் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும்."

மேலே இன்னொரு சத்தம். ஷுன்தே தொப்பியைக் கழற்றி வைத்தார். குழுவில் எல்லாம் ஆம்பளைகள்தானே, புரிந்துகொள்வார்கள்.

"மனைவியோட மீன்கடையைத் தடுத்து வச்சேன். நேரடியாச் சொல்ல பயமா இருந்தது."

ஒரே நிமிஷத்தில் அறுபது பேர் சிரிக்கும் முகம் போட்டுவிட்டார்கள்.

"அந்த வரிக்கு அடுத்த வரியைப் பாருங்க" என்றார் அமைதிக்கடல்.

பட்டியலைத் திறந்தார். கடைசிக்கு முந்தைய வரி மீன்கடை. கடைசி வரி விளையாட்டுத் தளம்.

"யாரோ எழுதியிருக்காங்க! நான் எழுதலை! இப்ப என்ன பண்றது?"

"முதல்ல மேல் வரியை அழிங்க. அப்புறம் கீழ் வரியை அழிங்க. அப்புறம் கையைக் கழுவிட்டு வாங்க, சூப் ஆறுது."