பெருநாளுக்கு வந்த கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

ஊர்காவற்றுறை.

பாரிஸில் இருக்கும் பாசமுள்ள பிலோமினா அக்காவுக்கு, தம்பி அமலதாஸ் எழுதுவது. தேவதாயின் தயவால் நானும் கிறிஸ்ரினாவும் பிள்ளையும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தாரின் பிரஷரும் குறைந்திருக்க மன்றாடுகிறோம். போனில் சொன்னால் இடையிலேயே சிரித்துவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள் அன்ரனிட்டா ஜப்பானில் வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா. போன மாதம் கோயில் பெருநாள் கூட்டத்தில் தலைவர் கிறிஸ்தோப்பர் அண்ணை, லைட்காரனுக்குச் சொல்லவேண்டும் என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "என்ரை மகள் வாறாள் அண்ணை. அவள் கண்டுபிடிச்ச சிவப்பு லைட் கொண்டு வருவாள்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். லைட்காரனை வேண்டாம் என்று விட்டார்கள், அவனும் நயினாதீவில் ஒரு கலியாணத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

பெருநாளுக்கு முதல் நாள் காலை பிள்ளை வந்து இறங்கினாள். லைட்டுகளை ஏற்ற நான் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவுமெஷின் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். அவளோ ஒரு தோள்பையோடு வந்தாள். வீட்டுக்கு வந்து பஞ்சு வைத்த பெட்டிக்குள்ளிருந்து தபால் முத்திரை அளவில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தாள்.

"மிச்சம் பின்னால வருதோ பிள்ளை?"

"இவ்வளவுதான் அப்பா. காத்தும் ஈரமும் பட்டால் பழுதாப்போயிடும், அதுதான் இறுக்கி மூடியிருக்கு."

பச்சை வெளிச்சம் வரப்பண்ணுவது லேசாம். சிவப்புப் பக்கம் போகப் போக, மின்சாரத்தை வாங்கிய மூலக்கூறு வெளிச்சம் தராமல் ஆடி உதறி எல்லாவற்றையும் சூடாக்கி விட்டுவிடுமாம், ஒன்றோடொன்று நெருங்கினாலும் மங்கிவிடுமாம், அதனால் இவள் ஆட ஏலாத விறைப்பான மூலக்கூறு ஒன்றைக் கட்டி, பக்கத்தில் இன்னொன்று ஒட்டாமல் அதற்குக் கொம்பும் வைத்திருக்கிறாளாம், வருசக்கணக்கான வேலையாம். சரி, சிவப்பு நன்றாக வருமோ என்று கேட்டேன்.

"இது சிவப்பையும் தாண்டிட்டுது அப்பா. கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப ஆருக்கு?"

"டொக்டர்மாருக்கு. தோலுக்குள்ள ரத்தம் ஓடுறதைப் பாக்க."

நான் கதிரையில் இருந்துவிட்டேன், அக்கா.

மத்தியானம் கமிட்டிக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பிள்ளை சுவிச்சைப் போட்டாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னும் போடேல்லையோ?" என்றார் கிறிஸ்தோப்பர் அண்ணை.

"போட்டாச்சு மாமா. போன் கமராவால பாருங்கோ."

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய விலை கூடிய போனை அவர் நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை. என் மனுசி கிறிஸ்ரினாவின் கண்ணாடி வெடித்த பழைய போனில் ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. விலை கூடிய போனில் அந்த ஒளியை மறிக்க வடிகட்டி போட்டிருப்பார்களாம். மனுசனுக்கு அதில் இன்னும் கோபம். "கிட்ட நிண்டு போனால பாக்கிற லைட் மாதா சொரூபத்துக்கு என்னத்துக்கு?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிள்ளை அந்தக் கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, புளுகினது நான். பிள்ளை இல்லை. பொழுதுபட முன்னம் லைட்டுக்கு நான் பொறுப்பு" என்று எழும்பிவிட்டேன்.

கரையோரம் வீடு வீடாகப் போய், ராவில் மீன்பிடிக்கப் போகிறவர்களின் வள்ள லைட்டுகளையும் பற்றரிகளையும் லான்ட்மாஸ்டரில் ஏற்றினேன். பிள்ளையும் கூட வந்து வயர் பிடித்தாள். பொழுதுபட, பெருநாளுக்கு முதல் இரவு ஆராதனைக்குக் கோயில் முகப்பு பட்டப்பகல் மாதிரி. மீன் மணம் கொஞ்சம் இருந்தது. பங்குச் சுவாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஆசீர்வாதம் கொடுத்தார்.

எல்லாம் முடிய கிறிஸ்தோப்பர் அண்ணை பிள்ளையிடம் மெல்ல வந்தார். "பிள்ளை, உந்த டொக்டர் லைட் என்ரை சீனி வருத்தக் காலுக்கு உதவுமோ?"

"அதுக்கும்தான் பாக்கிறம் மாமா. இன்னும் வேலை கிடக்கு."

மனுசன் தலையாட்டிக்கொண்டு, படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய மூலக்கூறுக் கதை முழுவதையும் கேட்டார்.

அக்கா, இனி என் வாயால் பிள்ளையின் ஆராய்ச்சியைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லமாட்டேன். சொரூபத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணியாயிற்று. அத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்களை மடியில் வைத்துக் காக்க.

உங்கள் தம்பி,
அமலதாஸ்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகையில் நெடுந்தீவிலிருந்து ஒரு கோயில்காரர் போன் எடுத்தார். ஊர்காவற்றுறை முகப்பு ஜப்பான் லைட்டில் எரிந்ததாமே, தங்கள் பெருநாளுக்கும் மகள் வருவாவோ என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கடலுக்குள்ளிருந்து பார்த்தாலும் தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஒருக்கால் அவளோடு பதமாகக் கதைப்பீர்களோ?