பைசா வாங்காத சம்பந்தியின் ஜானவாசக் கார்

தமிழ்நாட்டில் வரதட்சணையை ஒழித்தவர் யார் என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மயிலாப்பூர் கல்யாணராமன்தான். பெண் பார்க்க அடையாறு வந்த அன்றே, சொஜ்ஜிக்கும் காப்பிக்கும் நடுவில் ஒழித்துவிட்டார்.

"எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்றார்.

பெண்ணின் அப்பா வேதாந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஹம்சினி ஒரே பெண். கல்யாணராமனின் பிள்ளை ஸ்ரீவத்சனை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். பெரியவர்கள் புகுந்து கெடுக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

"மாப்பிள்ளையோட ஜானவாச ஊர்வலம் மட்டும் எங்காத்துக் கார்லதான்" என்று தொடர்ந்தார் கல்யாணராமன். "எங்கப்பா வாங்கின ஓபன் கார். ஜானவாசக் கார் பொண்ணாத்துப் பொறுப்புன்னு சம்பிரதாயம். நீங்க வாடகைக் காருக்கு அலைய வேண்டாம் பாருங்கோ. அதை ஓடற மாதிரி பண்ணிண்டு வந்தாப் போறும்."

என்ன பெருந்தன்மை! பல வருஷங்களாகப் பூனைகள் குடும்பம் நடத்திவந்த அந்தக் காரை, வேதாந்தம் தேனாம்பேட்டையில் பீர் முஹம்மதுவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ரேடியேட்டரைத் திறந்ததும் முதல் டிகாக்‌ஷன் மாதிரி பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

"இன்னா சார், இதுல தண்ணி ஊத்துனாங்களா, துருவை ஊத்துனாங்களா? வாட்டர் பம்ப் பூட்ச்சு. ஹோஸெல்லாம் அப்பளமா கீது."

உடனே வாட்ஸப்பில் 'ஜானவாச வாகனப் புனருத்தாரணக் குழு' உதயமாயிற்று. தலைவர் கல்யாணராமன். பணம் கட்டும் பதவிக்கு வேதாந்தம் போட்டியின்றித் தேர்வானார். பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் ஒவ்வொன்றும் ஒருமனதாக நிறைவேறியது.

"ரேடியேட்டரே உளுத்துப்போயிருக்காம். அதையும் மாத்திடலாமா?" என்று வேதாந்தம் போனில் கேட்டதுதான் தப்பு. கல்யாணராமன் பொங்கிவிட்டார்.

"சம்பந்தி! பம்ப் வாங்கினா ரிப்பேர். ரேடியேட்டர் வாங்கினா வரதட்சணை. ஊர்ல நாலு பேர் என்ன பேசுவா? எனக்குக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. நன்னா அலசினாப் போறும்."

கல்யாணம் நின்றுவிடுமோ என்று வேதாந்தம் பயந்தார். அலசவே சொல்லிவிட்டார்.

பீர் முஹம்மது தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஓட்டையெல்லாம் துருதான் சார் அடைச்சிக்கினு இருந்துச்சு. இப்போ ஒழுவுது. பசை போட்டுக்கீறேன். வேகமா போனா ஒண்ணும் ஆவாது. மெதுவா போனாத்தான் சூடாயிடும்."

"ஜானவாசம்ப்பா. முன்னாடி நாகஸ்வரக்காரர் நடந்து போவார்."

"அப்போ அவரை ஓடச் சொல்லு சார்."

அவர் ஓடவில்லை. மாட வீதி முனையில் நின்று நிதானமாகக் கல்யாணி ராகத்தை விஸ்தாரம் செய்தார். ஆலாபனை முடிவதற்குள் கார் புகைந்தது. பாட்டு நின்றது. பெண் வீட்டார் மொத்தமும் தள்ள ஆரம்பித்தார்கள். வேதாந்தம் முன்னால் குனிந்து, ஒழுகும் இடத்தைத் துண்டால் அமுக்கிக்கொண்டே நடந்தார். அலசலுக்குத் தப்பிய துருவெல்லாம் அவர் கையில் இறங்கியது.

ஸ்ரீவத்சன் எழுந்தான். "அப்பா, நானும் இறங்கித் தள்றேன்."

"உக்காருடா! மாப்பிள்ளை இறங்கப்படாது. சம்பிரதாயம்."

மண்டபம் வந்து சேர்ந்தார்கள். கை கழுவக்கூட விடாமல் வேதாந்தத்தை மேடைக்கு இழுத்துப்போனார் கல்யாணராமன். மைக்கைப் பிடித்தார்.

"இவா கிட்டேர்ந்து ஒரு பைசா வாங்கலை. எங்களுக்கு எதுவும் வேண்டாம்னுட்டேன்!"

கூடம் அதிரக் கைதட்டல். அந்த உற்சாகத்தில் சம்பந்தியைக் கட்டித் தழுவிக்கொண்டார். விலகியபோது, அவருடைய வெள்ளைப் பட்டு அங்கவஸ்திரத்தில் பழுப்பாகப் பத்து விரல்கள் பதிந்திருந்தன.

"என்ன ஓய் இது?" என்று கல்யாணராமன் அலறியது மைக்கில் கேட்டது.

"உங்காத்துத் துருதான், சம்பந்தி" என்றார் வேதாந்தம், அதே மைக்கில். "எங்களுக்கும் எதுவும் வேண்டாம்."